காரணம்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி
வீவக பக்கத்தில் புளோக் எண்ணைத் தட்டுகிறேன்.
இந்தியர் வாங்கலாம். மலாய்க்காரர் வாங்கலாம்.
சீனர் என்ற வரியில்
இந்த மாதமும் இல்லை.

நீதிமன்றம் விற்றுவிடு என்கிறது,
ஆறு மாதத்துக்குள், பாதி அவனுக்கு.
கழகம் விற்கலாம் என்கிறது,
இன்னார் இன்னாருக்கு.
இரண்டுக்கும் நடுவே
ஹவ்காங்கில், ஒன்பதாம் மாடியில்,
குத்தகையில் அறுபத்தொரு வருடம் மீதமுள்ள
நான்கறை வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்,
பார்க்க யாராவது வருவார்கள் என்று.

முகவர் ரஸாலி கணக்கில் நேர்மையானவர்.
"எதிர் புளோக், இதே அளவு, இதே திசை.
போன மாதம் போன விலை இது.
உங்களுக்கு ஐம்பதாயிரம் குறையும்.
வீட்டில் ஒரு குறையுமில்லை."
பிறகு மெதுவாகத் தன் கதையைச் சொன்னார்.
அவர் விற்றபோது நாற்பத்திரண்டு குறைந்ததாம்.
எட்டாயிரம் லாபம் உங்களுக்கு என்றேன்.
சிரித்தோம்.

வாங்க ஆள் இல்லாமல் இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் மேடம் கோ.
மகள் ஹுய் மின்னுக்கு மார்ச்சில் பிரசவம்.
முழு விலை தருகிறேன் என்கிறார்,
கீரைக் கட்டுக்கு ஐந்து காசு குறையச் சொல்லி
சந்தையையே நிறுத்திவைக்கிறவர்.

பதினேழு வருடமாக என் மாற்றுச்சாவி அவரிடம்.
சாங்கி சரக்கு முனையத்தில் எனக்கு இரவு வேலை.
மழை வந்தால் என் மூங்கில் கழிகளை
உள்ளே இழுப்பது அவர்.
அவன் கதவை உதைத்த இரவில்
போலீசைக் கூப்பிட்டதும் அவர்தான்,
அவன் கத்திய தமிழில்
ஒரு சொல் புரியாமல்,
எல்லாம் புரிந்து.

எங்களை அடுத்தடுத்து வைத்தது இந்தச் சட்டம்.
அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தால்
அவர் வீட்டு ஊதுவத்தி எனக்குத் தெரிந்திருக்காது,
என் வீட்டுத் தாளிப்புக்கு அவர் தும்மியிருக்க மாட்டார்.
இப்போது அதே சட்டம்
நடுவில் வந்து நின்று
இவருக்கு மட்டும் கூடாது என்கிறது.

மக்கள் சந்திப்பில் வரிசை எண் முப்பத்தொன்று.
வெற்றுத்தளத்து மேசையில், மடிக்கணினியோடு
சட்டம் படிக்கும் பையன், பெயர் இளவேனில்.
"மேல்முறையீட்டுக்குக் காரணம் என்ன போட?"
"என் வீடு. யாருக்கு என்பது என் இஷ்டம்.
அப்படியே போடு."
தட்டத் தொடங்கினான்.

என் வீடு, என் இஷ்டம்.
எங்கோ கேட்ட வாக்கியம்.

தொண்ணூற்றெட்டு. ஓர் அறை தேடி
வரி விளம்பரங்களுக்கு ஃபோன் செய்த வாரம்.
பெயரைச் சொன்னதும்
அறை போய்விட்டது என்றார்கள் பலர்.
ஒருவர் மட்டும் பொறுமையாக விளக்கினார்:
"இந்தியர்களுக்கு விடுவதில்லை.
தப்பாக நினைக்காதே.
என் வீடு, என் இஷ்டம்."
குரலில் கோபமே இல்லை.
பத்துக் காசு உள்ளே விழுந்து
பெட்டியின் அடியைத் தொட்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

"தம்பி, அதை அழித்துவிடு."
அழித்தான். கர்சர் துடித்தது.
"வேறு என்ன போட?"

சட்டமே வேண்டாம் என்று எழுத
என் கை வராது.
ஊர் கூடி இழுக்கிற தேர் அது, இழுக்கட்டும்,
நானும்தான் வடம் பிடித்திருக்கிறேன்.
சக்கரத்துக்கு மரம் வேண்டுமென்றால் மட்டும்
ஏன் என் வாசற்கதவை, ரஸாலியின் வாசற்கதவை
கழற்றிப் போகிறார்கள்?
ஐம்பதாயிரத்தை ஊரே பங்கிட்டுக்கொண்டால்
ஆளுக்கு ஒரு காசுகூட வராதே.

அவன் விரல்கள் நின்றிருந்தன.
"தேர் என்றால் ரதம்தானே?
ஆங்கிலத்தில் இதை எப்படிச் சொல்ல?"

தெரியவில்லை எனக்கும்.
பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.
கொஞ்சம் யோசித்து அவன்
காரணம் என்ற கட்டத்தில்
நிதி நெருக்கடி என்று தட்டினான்.

அதுவும் பொய்யில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
முப்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள்.